பாகுப் பதம்

போன வாரம் கோவில்பட்டி சந்தையைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு ஜி.வி.என். கல்லூரியில் என்னோடு கணிதம் படித்த நண்பர் போன் செய்தார். சந்தையைப் பற்றி அரைமணி நேரம் பேசி முடித்த பிறகு கேட்டார்.

"அது கிடக்கட்டும் வே. முப்பது வருசம் பெங்களூர்ல என்ன வேலைதான் பாத்தீரு? கம்ப்யூட்டர்ங்கீரு. ஒரு நாளாவது வெளங்குற மாதிரி சொல்லியிருக்கீரா?"

நியாயமான கேள்வி. என் வீட்டுக்காரிக்கே இன்றுவரை சரியாகச் சொன்னதில்லை. இந்தப் பதிவில் சொல்லிப் பார்க்கிறேன். கூடவே, ரொம்ப நாளாக மனசில் கிடக்கும் ஒரு விஷயத்தையும் இறக்கி வைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

என் வேலை, வேறு யாரோ எழுதிய பெரிய கணக்குப் புரோகிராமை வேகமாக ஓட வைப்பது. விடை மாறக்கூடாது, நேரம் மட்டும் குறைய வேண்டும். பெரும்பாலும் வானிலைக் கணக்கு. நாளைய மழையைக் கணக்கிட்டு முடிக்க இரண்டு நாள் ஆகுமென்றால் அந்தக் கணக்கை வைத்து என்ன செய்ய?

நான் பிறந்தது எட்டயபுரம் ரோட்டில் ஒரு கரிசல்காட்டு ஊர். அய்யாவுக்கு ஏழு ஏக்கர் மானாவாரி. கரிசலைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் கால் வைக்க முடியாது, கலப்பையும் இறங்காது. அதனால்தான் மழைக்கு முன்னாலேயே, புரட்டாசிப் புழுதியில் விதையைப் போட்டுவிடுவது. புழுதி விதைப்பு என்பது ஒரு சூதாட்டம்தான். சீக்கிரம் போட்டுவிட்டு மழை தள்ளிப்போனால் எறும்பும் காடையும் தின்னும். லேசாக ஒரு தூறல் விழுந்து முளைவிட்டு, அப்புறம் பதினைந்து நாள் காய்ந்தால் அத்தனையும் போச்சு. காத்திருந்தாலோ, மழை வந்த பிறகு காட்டுக்குள் இறங்க முடியாது. பருத்திக்குப் பருவம் தப்பிவிட்டால் பிறகு மல்லி, கொண்டைக்கடலை என்று கிடைத்ததைப் போட வேண்டியதுதான்.

நான் வானிலைக் கணக்கில் வேலை பார்க்கிறேன் என்று அய்யாவுக்குத் தெரியவந்த நாளிலிருந்து ஒவ்வொரு புரட்டாசிக்கும் ஒரே கேள்வி. "தம்பி, ஒங்க மிசின் என்ன சொல்லுது?"

அந்தக் காலத்தில் மிசின் எங்களுக்குச் சொன்னது அவருக்கு ஒன்றுக்கும் உதவாது. ஏன் என்று சொல்கிறேன். 1989-ல் டெல்லிக்கு 'கிரே எக்ஸ்-எம்பி' என்ற அமெரிக்க சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது. நாம் கேட்டது இரண்டு பிராசசர் உள்ளது, அவர்கள் கொடுக்கச் சம்மதித்தது ஒன்று உள்ளது. அதில் ஓடிய உலக வானிலைக் கணக்குக்கு டி-80 என்று பெயர். பூமியைச் சுற்றி 256, வடக்கு தெற்காக 128 என்று கட்டம் போட்டுக் கணக்கிடும். நம் பக்கத்தில் ஒரு கட்டம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அதாவது குற்றாலச் சாரலும் எட்டயபுரத்து வெக்கையும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்! அய்யாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?

கட்டத்தைப் பாதியாகச் சிறிதாக்கலாம். ஆனால் நீளத்தில் இரண்டு மடங்கு, அகலத்தில் இரண்டு மடங்கு, காலத்தையும் இன்னும் சிறு சிறு துண்டாக நகர்த்த வேண்டும் என்பதால் அதிலும் இரண்டு மடங்கு. ஆக மொத்தம் எட்டு மடங்கு வேலை. வேகம், வேகம் என்று நாங்கள் பறந்தது இதற்காகத்தான்.

வெளிநாட்டான் தரமாட்டேன் என்றதால் நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. பெங்களூரில் தேசிய விண்வெளி ஆய்வகத்தில் 1986-லேயே 'ஃப்ளோசால்வர்' என்று சின்னச் சின்னப் பிராசசர்களைச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் கட்டிவிட்டார்கள். புனேயில் சி-டாக் நிறுவனம் 1988-ல் தொடங்கி, 1991-ல் 'பரம் 8000' கொண்டுவந்தது. அதற்குள் இருந்தது பிரிட்டனில் செய்த 'டிரான்ஸ்பியூட்டர்' என்ற சிப். ஒவ்வொன்றுக்கும் நாலு கை. பக்கத்திலிருக்கும் நாலு பேரோடு பேசும். நல்ல யோசனை. ஆனால் அந்தச் சிப்பின் அடுத்த தலைமுறை தாமதமாகித் தாமதமாகி ஆளில்லாமல் போனது. பரம் வரிசையையே பாருங்கள். முதலில் டிரான்ஸ்பியூட்டர், அடுத்து இன்டெலின் ஐ-860, அப்புறம் சன் கம்பெனியின் ஸ்பார்க், 2003-ல் 'பரம் பத்மா'வில் ஐ.பி.எம். பவர். பன்னிரண்டு வருடத்தில் நாலு விதமான மூளை. வானிலைக் கணக்கோ அதே கணக்கு. காற்றும் வெப்பமும் ஈரமும் நடந்துகொள்ளும் விதி மாறுவதில்லை அல்லவா?

புரோகிராமுக்கு ஆயுசு முப்பது வருடம், அது ஓடுகிற மிசினுக்கு ஆயுசு நாலைந்து வருடம். எங்கள் தொழிலின் தலைவலி மொத்தமும் இதுதான். இது எனக்குப் புரிய நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

நான் வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம். 1993-ல் எங்களிடம் ஐ-860 சிப் போட்ட கம்ப்யூட்டர் வந்தது. அது ஒரு முரட்டுக் காளை. அதில் வேகமான வழியில் ஒரு கூட்டல் போடச் சொன்னால், அதன் விடை உடனே வராது. அடுத்து மூன்று கூட்டலை உள்ளே தள்ளினால்தான் முதல் விடை வெளியே வரும். எந்த விடை எப்போது வெளியே விழும் என்பதைப் புரோகிராம் எழுதுகிறவன்தான் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். தானியங்கியாக எழுதித்தரும் கம்பைலரால் அந்தச் சிப்பின் சக்தியில் ஒரு சிறு பங்கைத்தான் வெளியே எடுக்க முடிந்தது. மீதியைக் கையால் எடுக்க வேண்டும்.

நான் எடுத்தேன். ஒன்றரை வருடம். வானிலைக் கணக்கில் அதிக நேரம் தின்கிற இரண்டு பகுதிகளை அந்தச் சிப்பின் தாய்மொழியிலேயே, வரி வரியாக எழுதினேன். ராத்திரி கனவில்கூட எண்கள் வரிசையில் நிற்கும். முடித்தபோது வேகம் கூடியது. டெல்லியிலிருந்து வந்தவர்கள் கைகொடுத்தார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் விளக்கியாக வேண்டும். மளிகைக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கையெட்டும் தூரத்தில் ஒரு சின்ன அலமாரி. சரக்கு மொத்தமும் பின்தெருக் குடோனில். அலமாரியில் இருப்பதை எடுத்துக் கொடுக்க ஒரு நொடி. குடோனுக்குப் போய்வரக் கால்மணி நேரம். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். அந்த அலமாரிக்கு 'கேஷ்' என்று பெயர் (நம் கல்லாப்பெட்டிக் கேஷ் இல்லை). கணக்கு போடும் வேகம் வருடா வருடம் கூடிக்கொண்டே போனது, குடோனுக்குப் போய்வரும் நேரம் மட்டும் அந்த அளவு குறையவில்லை. ஆகவே ஒரு தடவை போனால் எத்தனை மூட்டை கொண்டுவருவது என்பதில்தான் சூட்சுமம். குறைவாக எடுத்தால் நடந்தே சாக வேண்டும். அதிகம் எடுத்தால் அலமாரி கொள்ளாமல், நாளைக்கு வேண்டியதைக் கீழே தள்ளிவிட்டுத்தான் வைக்க முடியும்.

ஐ-860-ல் அந்த அலமாரி 8 கிலோபைட். நான் அதற்குத் தக்கபடி மூட்டைக் கணக்கை அளந்து, புரோகிராமில் நாற்பது ஐம்பது இடங்களில் கல்லில் வெட்டியதுபோல் எழுதி வைத்தேன். ஒரே ஒரு தரம் மட்டும் தேவைப்படும் சரக்கை, அலமாரியைத் தொடாமல் குடோனிலிருந்து நேராகக் கைக்கு எடுக்கிற ஒரு கட்டளையும் அந்தச் சிப்பில் உண்டு. அதையும் தாராளமாகப் பயன்படுத்தினேன்.

1995-ல் எங்கள் பிரிவுக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தார். விசாரித்தால் நம்ம ஊர். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிற குடும்பம். (இந்தப் பதிவை முதலில் அவருக்குத்தான் அனுப்பினேன். "எழுதுங்க சார், பேர் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.) ஊருக்குப் போய்வந்தால் பிரிவு முழுவதற்கும் மிட்டாய்ப் பொட்டலம் வரும். வேலையில் கெட்டி, பேச்சு குறைவு.

அடுத்த வருடம் அவர் ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக்கொண்டு வந்தார். அது வானிலைக் கணக்கு போடாது. கம்ப்யூட்டரில் முதன்முதலாக ஏற்றும்போது, அசல் வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் ஓடும். ஒரு தடவைக்கு இத்தனை மூட்டை எடுத்தால் எவ்வளவு நேரம், அத்தனை எடுத்தால் எவ்வளவு, நாலு நாலாகக் கூட்டினால் எவ்வளவு, எட்டு எட்டாகக் கூட்டினால் எவ்வளவு என்று எல்லாவற்றையும் அந்த மிசினிலேயே ஓட்டிப் பார்த்து, கடிகாரம் பிடித்து, எது வேகமோ அதை ஒரு கோப்பில் குறித்து வைக்கும். அசல் கணக்கு அந்தக் கோப்பைப் படித்து அதன்படி நடக்கும். சிப்பின் தாய்மொழி எதுவும் கிடையாது. எல்லாம் சாதாரண ஃபோர்ட்ரான்.

வேகம், என்னுடையதில் முக்கால்வாசிகூட வரவில்லை.

எல்லோரும் இருந்த கூட்டத்தில் நான் சொன்னேன். "மிசினைப் பத்தித் தெரிஞ்சவன் எழுதுவான். தெரியாதவன் இப்படித்தான் தடவிப் பாப்பான்." சிரித்தார்கள்.

அவர் நிதானமாகச் சொன்னார். "எங்கப்பா நாப்பது வருசமா பாகு காய்ச்சுறார் சார். இன்னும் கடிகாரத்தப் பாத்து எறக்க மாட்டார். தண்ணியில ஒரு சொட்டு விட்டு, உருட்டிப் பாத்துட்டுத்தான் எறக்குவார். ஏன்னு கேட்டா, வெல்லம் லோடுக்கு லோடு மாறும்மா, நேத்துப் பதம் இன்னைக்கு ஆகாதும்பார்."

அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் புரோகிராம் மேசை இழுப்பறைக்குள் போனது. சிரிப்போடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த வருடம் அவருடைய ரகசியக் குறிப்பேட்டில், "தொழில்நுட்ப ஆழம் போதாது" என்று என் கையால் எழுதினேன். அரசு வேலை பார்த்தவர்களுக்கு அந்த ஒரு வரியின் எடை தெரியும். வரவேண்டிய பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது.

1997-ல் பழைய கம்ப்யூட்டரைக் கழித்துவிட்டுப் புதியது வாங்கினார்கள். வேறு சிப். ஐ-860 அதற்குள் சந்தையிலேயே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. என் ஒன்றரை வருட உழைப்பு புதிய சிப்புக்குப் புரியாத பாஷை. சரி என்று அதே அமைப்பை, அதே மூட்டைக் கணக்கோடு ஃபோர்ட்ரானில் திருப்பி எழுதினேன். இரண்டு மாதம். ஓட்டினேன். காகிதத்தில் பல மடங்கு வேகமான அந்தக் கம்ப்யூட்டரில், எங்கள் கணக்கு பழையதைவிட மெதுவாக ஓடியது!

முதலில் நான் திட்டியது மிசினை. பிறகு கம்பைலரை. இரண்டு வாரம் தூங்கவில்லை. மேலிடத்தில் கேட்கத் தொடங்கினார்கள், இவ்வளவு செலவு செய்து வாங்கியது எதற்கு என்று.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கேட்காமலேயே, அவர் தன் பழைய புரோகிராமை எடுத்துப் புதிய மிசினில் ஓட்டினார். திங்கட்கிழமை காலை என் மேசையில் ஒரு தாள் இருந்தது. அதில் என் மூட்டைக் கணக்கு தவறு என்று காட்டியிருந்தது. அதையாவது நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பாராதது கடைசி வரி. 256-ஐ 257 ஆக்கினால் வேகம் கூடுகிறது.

கட்டம் 256 தான். 257-வது வரிசை என்று பூமியில் ஒன்றும் இல்லை. வெறும் இடம், யாரும் தொடப்போவதில்லை. அதைச் சேர்த்தால் எப்படி வேகம் கூடும்? உட்கார்ந்து கணக்கு போட்டபோதுதான் தெரிந்தது. புதிய சிப்பின் அலமாரியில் நூற்றுக்கணக்கான அறைகள் உண்டு. ஆனால் குடோனின் எந்த மூட்டை எந்த அறைக்குப் போகலாம் என்பது கட்டாயம். 256 என்ற முழு இரட்டைப்படி எண்ணில் தாவித் தாவி எடுத்தால், வரும் சரக்கு முழுவதும் எட்டே எட்டு அறைகளுக்குள் போய் மோதும். ஒன்பதாவது வந்தால் முதலாவது வெளியே. மற்ற அறைகள் எல்லாம் காலி! வரிசைக்கு ஒரு வெற்றிடம் கூட்டி 257 ஆக்கியதும் தாவல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, சரக்கு எல்லா அறைகளிலும் பரவலாக உட்கார்ந்துவிடுகிறது. பழைய சிப்பில் நான் அலமாரியைத் தொடாமல் நேராக எடுத்ததால் இந்த நெரிசல் என் கண்ணில் படவே இல்லை. மிசினைத் தெரிந்தவன் என்று சொல்லிக்கொண்டேனே, எனக்குத் தெரிந்தது போன மிசின்.

அன்று மாலை அவர் முறைப்படி மாற்றி ஓட்டினோம். நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது.

(ஒரு சின்ன வில்லங்கம், சொல்லாமல் விட்டால் தொழிலில் இருந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். 'விடை மாறக்கூடாது' என்றேன். கம்ப்யூட்டரில் தசம எண்களைக் கூட்டும் வரிசையை மாற்றினாலே கடைசி இலக்கம் மாறும். வானிலைக் கணக்கில் அந்தக் கடைசி இலக்கம் பத்து நாளில் வளர்ந்து ஒரு புயலையே இடம் மாற்றிவிடும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும், இது உண்மையான தவறா, கடைசி இலக்கத்து விளையாட்டா என்று பிரித்துப் பார்ப்பது தனி வேலை. அதையும் பெரும்பாலும் அவர்தான் பார்த்தார்.)

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும் சார்" என்றார். குறிப்பேட்டில் எழுதியதைத் திருத்தக் கேட்டு மனு கொடுத்தேன். முடிந்துபோன வருடத்தின் குறிப்பை மாற்ற விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. அடுத்த வருடக் குறிப்பில் என்னால் முடிந்த அளவு நன்றாக எழுதினேன். 1999-ல் அவர் வெளிநாடு போய்விட்டார். போகாமல் இருந்திருப்பாரா என்று கேட்டால், தெரியாது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இருந்திருக்கக்கூடும் என்று பலநாள் நினைத்திருக்கிறேன்.

அவர் போவதற்குச் சில மாதம் முன்புதான் எங்களுக்கு ஒரு செய்தி சரியாக வந்து சேர்ந்தது. நம்ம ஊர்ப் பெண் 1996-ல் செய்ததையே, வேறு கணக்குகளுக்கு, பெரிய அளவில் அமெரிக்காவில் செய்துகொண்டிருந்தார்கள். டென்னசி பல்கலைக்கழகத்தில் வேலி, டொங்காரா என்ற இருவர் 'அட்லஸ்' என்று ஒன்று வெளியிட்டிருந்தார்கள். அதை எந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றினாலும், முதலில் தானே பலவிதமாக ஓட்டிப் பார்த்து, அந்த மிசினுக்கு ஏற்ற பெருக்கல் முறையைத் தானே எழுதிக்கொள்ளும். எம்.ஐ.டி.யில் ஃபிரிகோ, ஜான்சன் என்ற இருவர் 1997-ல் அலைக்கணக்குக்கு 'எஃப்.எஃப்.டி.டபிள்யூ' என்று ஒன்று வெளியிட்டார்கள். எங்கள் டி-80 கணக்கிலேயே பாதி, காற்றை அலைகளாகப் பிரிப்பதுதான். அது ஓட்டிப் பார்த்துக் கண்டுகொண்டதைச் சேமித்து வைக்கும் கோப்புக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஞானம்'! அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு மிட்டாய்க் கடைத் தண்ணீர்க் கிண்ணம்தான் ஞாபகம் வந்தது.

அந்த ஜாக் டொங்காராவுக்கு 2021-ம் ஆண்டுக்கான டியூரிங் விருது கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் துறையின் நோபல் என்பார்கள். அவரும் கூட்டாளிகளும் சலிக்காமல் ஒன்றைச் செய்துவந்தார்கள். கணக்கு போடுகிறவன் கூப்பிட வேண்டிய பெயர்களை மாறாமல் வைத்துக்கொள்வது, அந்தப் பெயருக்கு உள்ளே இருப்பதை மிசினுக்கு மிசின் மாற்றிக்கொள்வது. 1979-ல் தொடங்கி, கிரே மாதிரி வரிசையாகக் கணக்கு போடும் மிசின் வந்தபோது அதற்கொரு அடுக்கு, கேஷ் வந்தபோது அதற்கொரு அடுக்கு என்று சேர்த்துக்கொண்டே வந்தார்கள். மேலே இருப்பவன் ஒவ்வொரு மிசினுக்கும் தனித்தனியாக மாற்றி எழுத வேண்டியதில்லை. நான் கல்லில் வெட்டிய நாற்பது ஐம்பது இடங்களையும் அதற்கப்புறம் ஒரே கோப்புக்குள் கொண்டுவந்தோம். நான் ஓய்வு பெறுவதற்குள் அந்தப் புரோகிராம் இன்னும் மூன்று மிசின் மாறியது. ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடச் சோதனை. அவ்வளவுதான். கோப்பின் முதல் வரியில் எழுதியவர் பெயரை மட்டும் யாரையும் அழிக்கவிடவில்லை.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டரின் வேகம் வேறு உலகம். 2018-ல் புனேயில் 'பிரத்யூஷ்', நொய்டாவில் 'மிஹிர்' வந்தன. 2024 செப்டம்பரில் அவற்றின் இடத்துக்கு 'அர்கா', 'அருணிகா'. 2025 மே மாதத்திலிருந்து இந்தியாவின் உலக வானிலைக் கணக்கு 6 கிலோமீட்டர் கட்டத்தில் ஓடுகிறது. நம்ம ஊருக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று கட்டம் விழும். குற்றாலம் தனி, நாம் தனி.

அய்யா அதைப் பார்க்க இல்லை. 2004 புரட்டாசியில்கூடக் கேட்டார், "தம்பி, ஒங்க மிசின் என்ன சொல்லுது?" என்று. ஐப்பசி முதல் வாரம் இருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொல்லிவைத்தேன். "அதைத்தான் எங்கப்பனும் சொன்னாரு" என்றார்.

காட்டை இப்போது தம்பி மகன் பார்க்கிறான். மக்காச்சோளமும் உளுந்தும். போன புரட்டாசியில் அவன் செல்போனை நீட்டி, "பெரியப்பா, செவ்வாய்க்கெழம மழைன்னு காட்டுது, இதெல்லாம் நீங்க செஞ்சதா?" என்று கேட்டான். இல்லையப்பா, அதற்கெல்லாம் வேறு ஆட்கள் என்றேன். பிறகு, மழை செவ்வாய்க்கிழமை என்றால் விதைப்பு எப்போது என்று கேட்டேன்.

"விதைச்சு நாலு நாளாச்சு" என்றான்.